பச்சையாக இருந்தால் வளையும்

நமக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. நினைவுக் குறிப்பு எழுதுகிற வயது இது இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும், இரும்புலியூரில் ஒரே சண்டே ஸ்கூல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஆரஞ்சு மிட்டாயைச் சப்பியவர்களே, அந்தப் பெரிய வெள்ளி நாடகம் உங்களுக்கு மறந்திருக்காது. நிஜ முள்ளில் முள்முடி வைத்தோமே, அந்த வருஷம். இயேசுவாக நடித்த பாடகர் குழு அண்ணனின் நெற்றியில் ஒரு சொட்டு ரத்தம் வந்து, முன்வரிசை ஆன்ட்டிகள் எல்லாரும் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்களே. அதை நீங்கள் இன்னும் வாட்ஸப் குழுவில் சொல்லிச் சிரிக்கிறீர்கள். போன லெந்து நோன்பு நாட்களில்கூட உங்களில் ஒருத்தி, "அந்த முள்ளு உனக்கு எங்கடி கெடச்சுது?" என்று கேட்டாள். சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு ஓடிவிட்டேன். பதில் இதுதான். கொஞ்சம் நீளம்.

அது ஒரு செடியிலிருந்து வந்தது. செடியின் பெயரை எழுதப்போவதில்லை. அது நின்ற வளாகத்தின் பெயரையும் எழுதமாட்டேன். தெரிந்தால் தேடிக்கொண்டு போவீர்கள். நல்ல எண்ணத்தோடுதான் போவீர்கள். நானும் நல்ல எண்ணத்தோடுதான் போனேன்.

கிளுவைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மழை ஏமாற்றும் காடுகளில் மட்டும் வளர்வது. என் அன்றைய உயரம் இருக்கும். கிளை ஒவ்வொன்றும் நுனியில் முள்ளாக முடியும். முள் தனியாக, கிளை தனியாக இல்லை; கிளையே கூர்ந்து கூர்ந்து முள்ளாகிவிடும். மழைக்காலத்தில் இரண்டு மாதம் இலை வைத்திருக்கும். தை பிறந்ததும் எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு, செத்துப்போனதுபோல் நின்றுகொள்ளும். தண்ணீர் இல்லாத காலத்தில் இலை வளர்ப்பது அதற்குக் கட்டுப்படியாகாது. பங்குனி வெயிலில் அதைப் பார்க்கிற யாரும் விறகு என்றுதான் சொல்வார்கள்.

எனக்கு அதைக் காட்டியவள் மாடி வீட்டு அக்கா. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒற்றை அறை இருந்ததே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அங்கே குடியிருந்த ஆராய்ச்சி மாணவி. நீங்கள் அவளை 'ஸ்கூட்டி அக்கா' என்பீர்கள். ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டே இருப்பாள், அது கிளம்பாது. சனிக்கிழமைகளில் அவள் அந்த வளாகத்துக் காட்டுக்குப் போகும்போது நானும் பின்னால் தொற்றிக்கொள்வேன். அம்மா பள்ளிக்கூட விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருப்பாள், நான் வீட்டில் இல்லாவிட்டால் அவளுக்கு நிம்மதி. அளக்கிற டேப்பின் ஒரு முனையைப் பிடிப்பது என் வேலை. சரளைக்கல் செருப்பைத் தாண்டிச் சுடும். சூரை முள் பாவாடையைப் பிடித்து இழுக்கும். தலைக்கு மேல் விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று ஈ மாதிரி அதே வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். மூன்று மணிக்குக் கடல்காற்று வந்து சேர்ந்ததும், காடு மொத்தமும் ஒரு தடவை மூச்சு விடும்.

"இதுல ஆண் செடி தனி, பெண் செடி தனி," என்று ஒருநாள் சொன்னாள். அவள் அங்கே கண்டுபிடித்த அத்தனையும் ஆண். ஒன்றே ஒன்று பெண். அதிலும் ஒரே ஒரு கிளையில்தான் காய் பிடித்திருந்தது. பட்டாணி அளவு, பச்சைநிறம். அந்தக் கிளையில் அடையாளத்துக்குச் சிவப்புக் கம்பளி நூல் கட்டினாள். நூல் என் அம்மாவின் ஸ்வெட்டர் பையிலிருந்து நான் எடுத்துக்கொடுத்தது. தாம்பரத்தில் யார் ஸ்வெட்டர் போடுவார்கள் என்று கேட்காதீர்கள், அம்மா பின்னுவாள், அவ்வளவுதான்.

"இந்தக் காய் பழுத்து, விதை முளைச்சுதுன்னா என் மூணு வருஷம் பொழைக்கும்," என்றாள் அக்கா. "இல்லேன்னா ஊருக்குப் போய், எங்கம்மா பார்த்து வெச்சிருக்கிற மாப்பிள்ளைக்குக் காபி ஆத்தணும்."

"மாப்பிள்ளை நல்லா இருப்பாரா?"

"காபி நல்லா இருக்காது."

செடி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகக் கீறுவாள். காகிதம்போல் ஒரு தோல் உரியும். அடியில் பச்சைக் கோடு தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் போய்விட்டது. நான் அதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வீட்டு வேப்பங்குச்சி, துடைப்பம், சண்டே ஸ்கூல் பெஞ்ச் எல்லாவற்றையும் கீறினேன்.

அந்தக் காட்டுக்கு இன்னொருவரும் வருவார். ஆட்டுக்காரம்மா. வளாகத்துப் பின்சுவர் இடிந்த இடத்தில் ஒரு பொந்து. அது வழியாக ஏழெட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார். தோளில் தொரட்டி; நீளக் கழி, நுனியில் அரிவாள். அதைப் போட்டு மரக்கிளையை இழுத்தால் ஆடுகள் பின்னங்காலில் நின்று எட்டிப் பிடிக்கும். எனக்கு மடியிலிருந்து களாக்காய் எடுத்துத் தருவார். பால் ஒட்டி உதடு பிசுபிசுக்கும். அக்கா அவருக்கு ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றித் தருவாள். "இன்னாம்மா, ஒன் முள்ளு பூ வுட்டுச்சா, காய் வுட்டுச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போவார். வெயில்காலத்தில் அந்தப் பக்கம் பசுமை என்று இருந்தது அந்த ஒரு காடுதான். அவருடைய ஆடுகளும் அதை நம்பித்தான் இருந்தன.

இனி நாடகம்.

அதற்கு முந்தைய வருஷம் நாடக அண்ணா காகிதப்பூக் கொடியில் முள்முடி பின்னியிருந்தார். ஓஎம்ஆரில் வேலை முடிந்து, ஷேர் ஆட்டோ மாறி மாறி வந்து, பாவம், அவசரத்தில் பின்னியது. ஒரு ரோஸ் நிறப் பூவைக் கிள்ள மறந்துவிட்டார். பிலாத்துவின் முன் இயேசு பூ வைத்துக்கொண்டு நின்றார். சபை சிரித்ததை நீங்கள் மறக்கவில்லை, அவரும் மறக்கவில்லை.

"இந்த வருஷம் ஒரிஜினல் முள்ளு வேணும்," என்றார் ஒத்திகையில். "போன தபா ஆண்டவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்னாரு. இலையும் இருக்கக் கூடாது, பூவும் இருக்கக் கூடாது. வெறும் முள்ளு."

அந்த நாடகத்தில் எனக்கு வேஷம் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இயேசுவைப் பார்த்து அழுகிற எருசலேம் குமாரத்திகளாக உங்களில் நான்கு பேரை எடுத்தார்கள். நான் குள்ளம். திரை இழுக்கிற வேலை தந்தார்கள்.

"எனக்குத் தெரியும்ணா," என்றேன். "இலையே இல்லாத முள்ளு. நான் கொண்டுவரேன்."

முதலில் ஒரு ஆண் செடியிலிருந்து காய்ந்த குச்சிகளைத்தான் கொண்டுபோனேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. அண்ணா குறட்டால் பிடித்து வளைத்தார். பட்டென்று முறிந்தது. அடுத்ததும் முறிந்தது.

"காஞ்சது உடையுதும்மா," என்றார். "பச்சையா இருந்தா வளையும். அதே முள்ளு, பச்சையா கெடைக்குமா?"

பெரிய வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை, முழுப்பரீட்சை முடிந்த மத்தியானம், அக்கா ஊருக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை காலையில்தான் வருவாள். நான் சமையலறைக் கத்தியை டிராயிங் நோட்டுக்குள் வைத்துக்கொண்டு தனியாகப் போனேன். ஒவ்வொரு செடியாக நகத்தால் கீறினேன். பழுப்பு. பழுப்பு. ஒரு இழை பச்சை, வளைத்தேன், முறிந்தது. அந்த வறட்சியில் அவை உயிரை வேருக்குள் இழுத்துக்கொண்டிருந்தன. கடைசியாகச் சிவப்பு நூல் கட்டிய கிளைக்கு வந்தேன். காய் வளர்ப்பதற்காக அது ஒன்றுதான் சாறு இழுத்துக்கொண்டிருந்தது. கீறியதும் பளிச்சென்று தெரிந்தது. காட்டிலேயே அவ்வளவு பச்சை வேறு எதிலும் இல்லை.

செத்த கிளை என்று நினைத்துத்தான் வெட்டினேன் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வேண்டுமே. அது பொய். உயிர் இருக்கிறது என்று பார்த்துத்தான் வெட்டினேன். நூலை அவிழ்த்து ஜாமெட்ரி பாக்ஸில் போட்டேன். காய்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டேன். முள்முடியில் காய் இருக்கக் கூடாது, இல்லையா? கத்தி பாதிக்கு மேல் இறங்கவில்லை. கிளையைத் திருகினேன். பட்டை அடித்தண்டு வரைக்கும் உரிந்துகொண்டு வந்தது. எலுமிச்சையும் மெழுகுவர்த்தியும் கலந்ததுபோல் ஒரு வாசனை. மணிக்கட்டு இரண்டிலும் கோடு கோடாகக் கீறல்.

பெரிய வெள்ளி சாயங்காலம் நடந்தது உங்களுக்கே தெரியும். போக்கஸ் லைட்டின் சூட்டில் அந்தப் பிசின் வாசனை பீடத்திலிருந்து கடைசி வரிசைவரை வந்தது. முடிவில் சபைப் போதகர் ஐயர் எழுந்து, "இந்த முள்முடியைப் பார்த்தபோது எனக்கே உள்ளம் உடைந்துபோயிற்று. யார் செய்தது?" என்றார். நாடக அண்ணா திரையை விலக்கி என்னைக் காட்டினார். சபை மொத்தமும் திரும்பியது. நாலு எருசலேம் குமாரத்திகளும் திரும்பினீர்கள். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு யாரும் அப்படி என்னைப் பார்த்ததில்லை. எனக்கு அன்று ஒரு துளி குற்ற உணர்ச்சிகூட இல்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் அக்கா பையைக்கூட வைக்காமல், "வாடி, காய் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வந்துடலாம்," என்றாள். கீறல் தெரியாமல் இருக்க முழுக்கை சட்டை போட்டுக்கொண்டேன். அந்த வெயிலில்.

செடிக்கு முன்னால் அவள் உட்கார்ந்துவிட்டாள். உரிந்த இடம் முழுக்கப் பிசின் மஞ்சள் மணியாக உருண்டு நின்றது. தரையில் காய்கள் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பிளந்து பார்த்தாள். உள்ளே தண்ணீர், விதை ஆகவில்லை.

"ஆடு கடிச்சா இப்படி இருக்காது," என்றாள். "இது கத்தி."

அப்போதுதான் பொந்து வழியாக ஆட்டுக்காரம்மா வந்தார். தோளில் தொரட்டி.

"இன்னாம்மா, வெய்யில்ல ஒக்காந்துகினு கீற? ஒடம்பு சரியில்லியா?"

"நீங்கதானே வெட்டினீங்க?"

"இன்னாத்த?"

அக்கா விரலை நீட்டினாள். ஆட்டுக்காரம்மா குனிந்து பார்த்தார். "ஐய! இத்த நா இன்னாத்துக்கு வெட்டப் போறேன்? இதுல பிசின் வரும், ஆடு வாய வெச்சா ஒட்டிக்கும். அதுங்க மோந்துகூடப் பாக்காது. நீயே எத்தினி தபா பார்த்துகினு இருந்துகீற."

"உங்க கையிலதான் அரிவாள் இருக்கு. நூலைக்கூட அவிழ்த்து எடுத்திருக்கீங்க."

"நூல எடுத்துகினு போயி நா இன்னா, ஆட்டுக்குச் சொட்டரு பின்னப் போறேனா?"

வேறு நாளாக இருந்தால் அக்காவே சிரித்திருப்பாள். அன்று பிளந்த காயைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "உங்களுக்கு டீ குடுத்தேன். உங்க ஆட்டைப் பத்தி இங்க யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. திருடி மாதிரி வந்து வெட்டிட்டு, விளையாட்டா பேசறீங்க."

அந்த ஒரு வார்த்தையில் ஆட்டுக்காரம்மாவின் முகம் சுருங்கியது. தொரட்டியைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு கண்ணு. நீ வந்துகினு போற பொண்ணுதானே. நா வெட்டி நீ பார்த்தியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதுகூட உண்மையின் பாதிதான். அந்தப் பாதியாவது சொல்லியிருக்கலாம். என் முழுக்கை சட்டைக்குள் வியர்வை கீறலில் இறங்கி எரிந்தது. ஒரு ஆட்டுக்குட்டி என் பாவாடை நாடாவைச் சப்பிக்கொண்டிருந்தது. நான் அந்தக் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஈஸ்டர். பிரியாணி சாப்பிட்டேன்.

அக்கா வளாகத்து அலுவலகத்தில் எழுதிக்கொடுத்தாள். கொஞ்ச நாளில் பொந்தைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். மே மாதம் ஒருநாள், அப்பாவின் வண்டியில் உட்கார்ந்திருந்தபோது, ஜிஎஸ்டி ரோட்டை ஆடுகளோடு தாண்ட முடியாமல் அவர் நடுவில் நின்றதைப் பார்த்தேன். பேருந்துகள் ஹாரன் அடித்தன. அடுத்த தடவை பார்த்தபோது அவரிடம் இரண்டு ஆடுகள்தான் இருந்தன. பிறகு பார்க்கவில்லை. அடுத்த மழைக்கு அந்தச் செடி துளிர்க்கவில்லை. உரிந்த பட்டை வழியாகக் கரையான் ஏறிவிட்டது. அக்கா ஆராய்ச்சியை வேறு செடிக்கு மாற்றிக்கொண்டு, ஒரு வருஷம் தாமதமாக முடித்து, வேறு மாநிலத்துக்குப் போனாள்.

கல்லூரியில் நான் தாவரவியல் எடுத்தேன். பரிகாரம் என்று நினைத்துவிடாதீர்கள், மார்க் அவ்வளவுதான் இருந்தது. அங்கே ஒருநாள் வகுப்பில், கிளுவை வகைகளை வேலிக்கு எப்படி வளர்க்கிறார்கள் என்று சொன்னார்கள். விதையே வேண்டாம், பச்சைக் கிளையை வெட்டி மண்ணில் ஊன்றினால் போதும், வேர் விட்டுவிடும் என்றார்கள். பேனாவைக் கீழே வைத்தேன். அந்தச் சனிக்கிழமை, அக்கா செடி முன்னால் உட்கார்ந்திருந்த அதே நேரத்தில், முள்முடி ஆலயத்து அலமாரியில் இருந்தது. பச்சையாகவே இருந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் அக்கா ஓடிப்போய் அதைப் பிரித்து ஊன்றியிருப்பாள். பெண் செடி பிழைத்திருக்கும். ஆட்டுக்காரம்மாவின் பிழைப்பும் தப்பியிருக்கும். பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நடுவில் முழுதாக ஒரு சனிக்கிழமை எனக்கு இருந்தது.

முள்முடி அந்த அலமாரியிலேயே காய்ந்து, வெள்ளையடிக்கும்போது யாரோ தூக்கிப்போட்டார்கள். ஜாமெட்ரி பாக்ஸும் சிவப்பு நூலும், நாங்கள் முடிச்சூருக்கு வீடு மாறிய பிறகு, அந்தப் பெரிய வெள்ளத்தில் போயின. வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, அம்மா சர்டிபிகேட்டைத் தேடினாள். நான் அந்த பாக்ஸைத் தேடினேன்.

வாட்ஸப்பில் அந்தக் கேள்வி வந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"காய் போனது எனக்கு எப்பவோ ஆறிப்போச்சுடி," என்றாள். "அவங்களைத் திருடின்னு சொன்னேன் பாரு, அது போகல. எங்கயோ ஒரு சந்தேகம் இருந்துச்சு. ஆனா நீன்னு நினைக்கல." பிறகு குரல் மாறியது. "இதை என்கிட்ட ரெண்டாவதா சொல்லியிருக்கணும். முதல்ல அவங்ககிட்ட சொல்லியிருக்கணும். போய்ச் சொல்லு. நானும் வந்து பேசறேன், ஆனா நீ முதல்ல போ."

எங்கள் பழைய தெரு இஸ்திரி வண்டிக்காரரிடம் விசாரித்தேன். ஆட்டுக்காரம்மா இப்போது முடிச்சூரில் மகள் வீட்டில் இருக்கிறார். நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு நாலு தெரு தள்ளி. அங்கே இருந்த அத்தனை வருஷமும் நாலு தெரு. காலையில் ஒரு அடுக்குமாடியில் படிக்கட்டு பெருக்குகிறார். மத்தியானம் வாசலில் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஆடு எதுவும் இல்லை. நான் யார் என்று சொன்னேன்.

"அந்த முள்ளுப் பொண்ணோட வருவியே, குட்டியா! இன்னா, வளரவே இல்ல போ." சிரித்தார். உள்ளே பார்த்து, "ஏய், டீ போடுடி, நம்ப பழைய பாப்பா வந்துகீது," என்று கத்தினார்.

டீ வந்தது. "அம்மா, அன்னிக்கு அந்தச் செடி..." என்று தொடங்கினேன்.

"அத்த வுடு கண்ணு," என்றார். "அந்தப் பொண்ணு மேல எனுக்குக் கோவம் இல்ல. படிக்கிற புள்ள, அதுக்கு இன்னா கஷ்டமோ. ஆனா ஒண்ணு சொல்லணும், நா எம் பொண்ணுகிட்டகூட சொல்லிகீறேன். அது அவ்ளோ கோவத்துல கேட்டுகினு நின்னப்போ, நீ மட்டும் 'ஆமா, வெட்டுச்சு'ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது எங் கதை. போலீசுக்கே போயிருக்கும். நீ சொல்லல. அத்தினூண்டு வயசுல எந்தப் புள்ளக்கி அந்த மனசு வரும்?"

என் தலைமேல் கைவைத்தார்.

நான் டீயைக் குடித்தேன். வேறு என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். கிளம்பும்போது அவர் எழுந்து, முருங்கையில் கைத்தடி நீளத்துக்கு ஒரு கொம்பைக் கீரையோடு உடைத்துத் தந்தார். "கீரைய ஆஞ்சுட்டு கொம்ப தூக்கிப் போட்டுடாத. நட்டா வரும்."

இப்போது குடியிருக்கும் மேடவாக்கத்தில், மூன்றாவது மாடியில் எங்கே நடுவது? கீரையைச் சமைத்தோம். வீட்டில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. கொம்பை ஒரு உடைந்த பெயின்ட் வாளியில் மண் போட்டு, பால்கனியில் நிறுத்தினேன். டேங்கர் தண்ணீரில் ஒரு குவளை. துளிர் வந்ததும் மறுபடி போய் முழுதாகச் சொல்லிவிடுகிறேன் என்று எனக்கே ஒரு தவணை வைத்துக்கொண்டேன். பிழைக்காது என்று நம்பித்தான் வைத்தேனோ என்னவோ. ஒரு தடவைகூட நகத்தால் கீறிப் பார்க்கவில்லை. அந்தப் பழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டேன்.

இன்று காலை பல் துலக்கிக்கொண்டே பால்கனிக்குப் போனேன். கொம்பின் கணுவில் இரண்டு துளிர் வந்திருக்கிறது.